நாவில் இல்லை, நூலில் உண்டு

(காஞ்சிபுரத்தில் பிரெஞ்சு பயிலும் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய பொது அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊர்க் கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் 58 சிற்றாலயங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் சிலவற்றின் உட்சுவரில், பிற்காலச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில், பல்லவர் கால ஓவியங்களின் மிச்சம் இருப்பதை 1931இல் கண்டு சொன்னவர் கப்ரியேல் ழூவோ-துப்ரேய். புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். தென்னிந்தியத் தொல்லியலைப் பற்றி 1914இல் பாரிஸில் அவர் வெளியிட்ட நூல் இரண்டு தொகுதிகள் கொண்டது. தூணின் மேல் உள்ள போதிகை எப்படி வளைகிறது, கூடு எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்தே ஒரு கோயில் எந்தக் காலத்தது என்று சொல்ல முடியும் என்று காட்டியவர் அவர். அதற்குப் பின் பல்லவர் தொல்பொருள்களைப் பற்றித் தனியாகவும் எழுதினார்.

அவரோடு நின்றுவிடவில்லை. காஞ்சித் தலத்தின் சைவப் புராணக் கதைகளைத் தொகுத்து, சிற்பங்களோடு ஒப்பிட்டு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1964இல் ஒரு பிரெஞ்சு நூல் வெளியிட்டது. தேசிகன், பட்டாபிராமன் என்ற இருவரும் அந்நிறுவனத்தை 1955இல் தொடங்கிவைத்த ழான் ஃபிலியோசாவும் சேர்ந்து செய்த வேலை அது. நம் காலத்திலும் பல்லவர் கல்வெட்டுகளைப் பற்றி எமானுவேல் ஃபிரான்சிஸ் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். பல்லவர் கோயில்களில் சிவபெருமானின் திருவுருவங்களைப் பற்றி வலேரி ழியே எழுதியிருக்கிறார். இந்த ஊரைப் பற்றிய அறிவில் கணிசமான பங்கு, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில் அச்சாகிக் கிடக்கிறது.

மறுபக்கம் பாருங்கள். தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளில் எத்தனையோ பிள்ளைகள் மேல்நிலை வகுப்பில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சை எடுக்கிறார்கள். மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும் என்பது காரணம். கிடைக்கவும் கிடைக்கிறது. ஆனால் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையிடம் துப்ரேய் தலைமுறையின் வரலாற்று நூல் ஒன்றைக் கொடுத்தால் முதல் பத்தியிலேயே நின்றுவிடுகிறது. பெயர்ச்சொற்கள் புரிகின்றன. அகராதியைப் பார்த்தால் உரிச்சொற்களும் புரிகின்றன. வினைமுற்று புரிவதில்லை. அகராதியில் தேடினாலும் அந்த வடிவத்தில் அகப்படுவதில்லை. காரணம், அந்த நூல்கள் நடக்கும் காலத்தை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை. பிரெஞ்சு இலக்கணம் அதை பஸே சேம்ப்ல் என்கிறது, அதாவது எளிய இறந்தகாலம். நான் அதை எழுத்து இறந்தகாலம் என்றே சொல்வேன், ஏனென்றால் இன்றைய பிரெஞ்சுக்காரர் அதை எழுதுவார், படிப்பார், பேசமாட்டார்.

அது எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது லத்தீனிலிருந்து நேரே இறங்கிய இறந்தகாலம். அதன் பக்கத்திலேயே, 'உடைமை' குறிக்கும் துணைவினையோடு எச்சத்தைச் சேர்த்துச் சொல்லும் இன்னொரு இறந்தகாலம் வளர்ந்தது. அதன் பெயர் பஸே கோம்போஸே, கூட்டு இறந்தகாலம். முதலில் இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. 1660இல் வெளியான போர்-ரொயால் இலக்கணம் சொல்லும் விதி இது: இன்று நடந்ததைச் சொல்லக் கூட்டு வடிவம், குறைந்தது ஓர் இரவாவது கடந்துபோனதைச் சொல்ல எளிய வடிவம். காலையில் விழுந்தவன் அன்று மாலை ஒரு வடிவத்தில் சொல்வான், மறுநாள் இன்னொரு வடிவத்தில் சொல்வான். நாளடைவில் பேச்சு இந்தப் பங்கீட்டைக் கைவிட்டது. கூட்டு வடிவம் நேற்றையும் போன ஆண்டையும்கூட எடுத்துக்கொண்டது. எளிய வடிவம் வாயிலிருந்து விலகி, கதைகளிலும் வரலாற்றிலும் தங்கிவிட்டது. தங்கியது என்றால் ஒதுங்கியது என்று பொருள் கொள்ள வேண்டாம். பிரெஞ்சுக் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்னரே, அம்மா படித்துக்காட்டும் கதைப் புத்தகத்தில் அதைக் கேட்டுவிடுகிறது. பெரோவின் தேவதைக் கதைகளில் ஓநாய் தின்றதும் இளவரசி விழித்ததும் இந்தக் காலத்தில்தான்.

இனி காலத்தின் உள்ளே போவோம். இதற்கு உங்கள் ஊரிலேயே உள்ள ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். பரமேச்சுர விண்ணகரத்தின், அதாவது வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்றுச்சுவரில், பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சில சிற்பங்களுக்கு மேலே கல்வெட்டும் உண்டு. சி. மீனாட்சி அவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. முப்பத்து நான்கு வயதில் மறைந்த அந்த அறிஞரை இந்த ஊரில் நின்று பேசும்போது நினைக்காமல் இருக்க முடியாது.

கதை இது. இரண்டாம் பரமேச்சுரவர்மன் இறந்தான். நாட்டுக்கு ஓர் அரசனைத் தேடி அமைச்சர்களும் கடிகை என்னும் கல்விச்சாலையாரும் குடித்தலைவர்களும் பல்லவர் கிளைக்குடியைச் சேர்ந்த இரணியவர்மனிடம் வந்தார்கள். அவன் தன் மகன்களிடம், யார் போகிறீர்கள் என்று கேட்டான். மூத்தவர்கள் மூவரும் மறுத்தார்கள். இளையவன் பல்லவமல்லனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் போகிறேன் என்று அவன் விடை சொன்னான். காஞ்சிக்குப் புறப்பட்டான். நந்திவர்மன் என்ற பெயரில் அறுபத்தைந்து ஆண்டு ஆண்டான்.

இதைப் பிரெஞ்சில் சொல்லிப்பார்ப்போம். இறந்தான்: இல் மூர்யூ. வந்தார்கள்: இல் வேன்ர். கேட்டான்: இல் தமாந்தா. மறுத்தார்கள்: இல் ரெஃப்யூஸேர். விடை சொன்னான்: இல் ரெபோந்தி. புறப்பட்டான்: இல் பார்த்தி. ஆண்டான்: இல் ரேஞா. ஏழும் எழுத்து இறந்தகாலம். ஒரு வினை மட்டும் வேறு. 'பன்னிரண்டு வயது' என்ற இடத்தில் இல் அவே என்று வரும். அது ஏம்பர்ஃபே எனப்படும் தொடர் இறந்தகாலம்.

ஏன் அந்த ஒன்று மட்டும்? மற்ற ஏழும் கதையை ஓர் அடி நகர்த்துகின்றன. இறந்ததால் வந்தார்கள், வந்ததால் கேட்டான், கேட்டதால் மறுத்தார்கள். பன்னிரண்டு வயதாக இருந்தது என்பது எதையும் நகர்த்தவில்லை. நகர்வதற்கு முன்பும் அது இருந்தது, பின்பும் இருந்தது. அந்தச் சுவரில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா? எழுத்து இறந்தகாலத்தில் வரும் ஒவ்வொரு வினையும் அப்படி ஒரு கட்டம். தொடர் இறந்தகாலம் அந்தக் கட்டத்துக்குள் பின்னால் நிற்கும் குடைக்காரரும் சாமரம் வீசுவோரும்.

இங்கே எல்லோரும் தடுமாறும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். அறுபத்தைந்து ஆண்டு ஆண்டது நீண்ட செயல்தானே, அதற்குத் தொடர் இறந்தகாலம் அல்லவா வர வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. நீளம் கணக்கே அல்ல. தொடக்கமும் முடிவும் தெரிய, வெளியிலிருந்து முழுதாகப் பார்க்கிறோமா என்பதுதான் கணக்கு. அறுபத்தைந்து ஆண்டு என்று அளந்து சொன்ன நொடியில் அது முடிந்த ஒரே நிகழ்ச்சி ஆகிவிடுகிறது; ஆகவே ரேஞா. ஒரு நொடியில் நடப்பதானாலும் 'அவன் கதவைத் திறந்துகொண்டிருந்தான், அப்போது' என்று உள்ளே நின்று பார்த்தால் அதற்குத் தொடர் இறந்தகாலம்தான்.

இந்த வேறுபாட்டைப் பிடிப்பதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம் பள்ளிகளில் பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாகவே நடத்துவதால் அந்த வசதி வீணாகிறது. இதை மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். "அந்தக் காலத்தில் தாத்தா விடியும் முன்னே தறிக்குழியில் இறங்குவார். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுவாள். ஒருநாள் தாத்தா இறங்கவில்லை." இந்த ஊரில் எந்த வீட்டிலும் இப்படிப் பேசுவார்கள். இறங்குவார், சுற்றுவாள் என்பவை வடிவத்தில் எதிர்காலம். பொருளில் பழைய வழக்கம். பிரெஞ்சில் இரண்டும் தொடர் இறந்தகாலம். 'ஒருநாள் இறங்கவில்லை' என்ற இடத்தில் எழுத்து இறந்தகாலம் வரும். ஆங்கிலத்தில் வழக்கமாகப் போனதற்கும் ஒருமுறை போனதற்கும் பெரும்பாலும் ஒரே வடிவம் போதும். தமிழில் போவார், போனார் என்று காதே பிரித்துத் தருகிறது. தமிழில் நினைத்துப் பார்க்கச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சரியாகச் சொல்லும்.

எல்லா இடத்துக்கும் இந்த ஒரு வழி போதாது. தொடர் இறந்தகாலத்துக்குத் தமிழில் மூன்று முகம் உண்டு: 'இறங்குவார்' என்ற வழக்கம், 'நெய்துகொண்டிருந்தார்' என்ற நடப்பு, 'பன்னிரண்டு வயதாக இருந்தது' என்ற நிலை. இந்த மூன்றில் எதுவும் பொருந்தாமல், வெறும் 'செய்தான்' என்று வந்து கதையை நகர்த்தினால் அது எழுத்து இறந்தகாலம். என் வகுப்பில் நான் இவ்வளவைத்தான் முதலில் சொல்வது.

வடிவங்களுக்கு வருவோம். இலக்கண நூல்கள் ஆறு இடத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய அட்டவணையைப் போட்டுப் பிள்ளைகளை அச்சுறுத்துகின்றன. தொடக்கத்தில் அதெல்லாம் வேண்டியதில்லை. நாம் பேசப் போவதில்லை, படிக்கப் போகிறோம். கதையிலும் வரலாற்றிலும் பெரும்பாலும் வருவது படர்க்கை: அவன், அவள், அவர்கள். 2016இல் பிரான்சிலேயே தொடக்க வகுப்புகளின் பாடத்திட்டத்தில் முதலில் படர்க்கை வடிவங்களைக் கற்பித்தால் போதும் என்று வைத்தபோது, மொழியே சிதைகிறது என்று பலர் கொதித்தார்கள். அந்தச் சினத்தில் இருக்கும் மொழிப்பற்று எனக்கும் பிடிக்கும். ஆனாலும் நம் பிள்ளைகளுக்குப் படர்க்கையில் தொடங்குவதே சரி.

படர்க்கை ஈறுகள் நான்கு குடும்பம். பார்லே, தமாந்தே போன்று ஏகாரத்தில் முடியும் பெருங்கூட்டத்துக்கு ஒருமையில் ஆ, பன்மையில் ஏர்: பார்லா, பார்லேர். ஃபினீர், பார்த்தீர் போன்றவற்றுக்கும் ரெபோந்த்ர் போன்ற பலவற்றுக்கும் இ, இர்: ரெபோந்தி, ரெபோந்திர். மூன்றாவது குடும்பத்துக்கு யூ, யூர்: மூர்யூ, மூர்யூர். நான்காவது மிகச் சிறியது. 'வருதல்', 'பற்றுதல்' என்ற இரண்டு வினைகளும் அவற்றின் கிளைகளும் மட்டும். வேன், வேன்ர் என்று மூக்கொலியில் முடியும். அவ்வளவுதான். எட்டு ஈறு தெரிந்தால் ஒரு நூலின் முக்கால் பங்கு வினைமுற்று அடையாளம் தெரிந்துவிடும்.

மீதிக் கால் பங்கு, அடிச்சொல்லே மாறும் வினைகள். இருந்தான் என்பது ஃப்யூ. உடையவனானான் என்பது வெறும் யூ. செய்தான், ஃபி. கண்டான், வி. பிறந்தான், நாக்கி. வாழ்ந்தான், வேக்யூ. இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். சுருக்குவழி எதுவும் இல்லை. பல வினைகளில் கூட்டு வடிவத்தின் எச்சத்தைப் பார்த்து ஊகிக்கலாம். ஆனால் மேலே சொன்னவற்றுள் இருந்தான், செய்தான், கண்டான், பிறந்தான் நான்கும் அந்த ஊகத்துக்கு அடங்காதவை. பிறந்ததும் கண்டதும் செய்ததும் வாழ்ந்ததும் இறந்ததும் இல்லாமல் எந்த அரசனின் வரலாறும் இல்லை. அதனால் இந்தப் பத்துப் பன்னிரண்டு வினைகளை முதல் வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

பிள்ளைகள் இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும்போது நான் அவர்கள் வாயிலேயே உள்ள இறந்தகாலத்தைச் சுட்டிக்காட்டுவேன். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். நன்னூல் இவற்றுக்கு த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலை சொல்கிறது. அங்கும் நான்கு, இங்கும் நான்கு. வா என்பது வந்தான் ஆகிறது, நில் நின்றான் ஆகிறது, கேள் கேட்டான் ஆகிறது. இதையெல்லாம் யாரும் நமக்கு அட்டவணை போட்டுத் தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது. 1855இல் புதுச்சேரியில் தமிழ்-பிரெஞ்சு அகராதி அச்சிட்ட மூசே, துய்ப்புய் என்ற இரண்டு பாதிரியார்கள் நம்முடைய நான்கையும் ஒவ்வொரு வினையாகக் கற்றுத்தான் அந்த வேலையைச் செய்தார்கள். 1903இல் பாரிஸில் தமிழ்க் கையேடு எழுதிய ழுலியேன் வென்சோனும் அப்படியே. அவர்கள் நம் இறந்தகாலத்துக்குக் கொடுத்த உழைப்பில் ஒரு பங்கை நாம் அவர்களுடையதற்குக் கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

'பேச்சில் இல்லாததைப் படித்து என்ன பயன்?' பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. இந்தக் கேள்வியை வேறு ஊரில் கேட்டால்கூடப் பொறுத்துக்கொள்வேன். காஞ்சிபுரத்தில் கேட்கக் கூடாது. கந்தபுராணம் அரங்கேறியது குமரகோட்டத்தில் என்பது உங்கள் ஊர் மரபு. நன்னூல் விருத்தியுரையைத் திருத்திச் செப்பனிட்ட இலக்கணக்கடல் சிவஞான முனிவர்தான் காஞ்சிப் புராணமும் பாடினார். அந்தச் செய்யுள்களில் வரும் 'என்றனன்', 'போயினன்' என்ற முற்றுகளை எந்தத் தெருவிலும் யாரும் பேசியதில்லை. வீட்டில் 'வந்தாங்க' என்று சொல்லிவிட்டு, தேர்வில் 'வந்தார்கள்' என்று எழுதி, புராணத்தில் 'வந்தனர்' என்று படிக்கிற பிள்ளைக்கு, வாய்க்கு ஒன்று நூலுக்கு ஒன்று என்பது புதிய செய்தியே அல்ல.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். நம் எழுத்துத் தமிழ் மேடையில் ஏறும். இந்த ஊரில் 1909இல் பிறந்த அண்ணா, மேடைத் தமிழுக்கு எத்தகைய வாழ்வு கொடுத்தார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சின் எழுத்து இறந்தகாலம் அந்த அளவுக்குக்கூட வாய்க்கு வருவதில்லை. 1959இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் இதற்கு விளக்கம் தந்தார். பேசும்போது நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், 'இப்போது' இருக்கிறது. எழுத்து இறந்தகாலத்தில் இந்த மூன்றும் இல்லை; சொல்பவர் விலகிக்கொள்ள, நிகழ்ச்சிகள் தாமே வரிசையில் வருவதுபோல் அமைகின்றன. அது வரலாற்றின் காலம். கூட்டு வடிவம் உரையாடலின் காலம். வயதாகிப்போன வடிவம் என்று ஒதுக்கப்பட்டதற்கு இப்படி ஒரு தனி வேலை இருப்பதை அவர் காட்டிய பிறகு பிரெஞ்சு இலக்கணத்தையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள்.

இந்த வேலை எவ்வளவு வலியது என்பது அதை விலக்கிய நூலில்தான் தெளிவாகத் தெரிகிறது. அல்பேர் காம்யு 1942இல் வெளியிட்ட 'அந்நியன்' நாவலின் கதையை எழுத்து இறந்தகாலத்தில் சொல்லவில்லை. பேச்சின் கூட்டு வடிவத்தில் சொன்னார். கதைசொல்லியான மெர்சோ போனது, பார்த்தது, குளித்தது எல்லாம் நேற்று நடந்ததை அருகில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருக்கிறது. ஒரு செயலால் அடுத்தது விளைந்தது என்ற கோப்பு அறுந்துபோகிறது. ஒவ்வொரு வாக்கியமும் தனித்து நிற்பதை மறு ஆண்டே சார்த்ர் தன் விமர்சனத்தில் கவனித்து எழுதினார். பிரெஞ்சு வாசகர் முதல் பக்கத்திலேயே அந்த அதிர்ச்சியை உணர்ந்தார், ஏனென்றால் அவர் காது அங்கே வேறொரு காலத்தை எதிர்பார்த்திருந்தது. எழுத்து இறந்தகாலமே படிக்காத மாணவர் அந்த நாவலை மூலத்தில் படித்தால் கதை புரியும். காம்யு செய்தது தெரியாது.

வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த 'அந்நியன்' க்ரியா வெளியீடாக வந்து பல தலைமுறைத் தமிழ் வாசகர்களைப் பாதித்திருக்கிறது. தமிழில் இரண்டு காலத்துக்கும் 'போனான்' ஒன்றே இருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் அந்த வறட்சியை வாக்கியத்தின் நீளத்திலும் இணைப்புச்சொற்களைத் தவிர்ப்பதிலும்தான் கொண்டுவர முடியும். அது எத்தனை கடினமான வேலை என்பதை மூலத்தின் காலம் தெரிந்தவர்தான் முழுதாக மதிக்க முடியும். அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து தமிழாக்கிய 'குட்டி இளவரசன்' இதற்கு மறுதலை. செந்த்-எக்சுபெரி கிரகம் கிரகமாக இளவரசன் போனதை எழுத்து இறந்தகாலத்தில் சொல்கிறார். எளிய சொற்கள், குறுகிய வாக்கியங்கள், பெரும்பாலும் படர்க்கை. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மூலம் என்று வைத்துப் படிக்க இதைவிட நல்ல முதல் நூல் எனக்குத் தெரியாது. அதன்பின் பெரோ. அதன்பின் மொப்பசானின் சிறுகதைகள். ஓர் ஆண்டு முடிவதற்குள் துப்ரேயின் பக்கங்களைத் திறந்துவிடலாம்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்கிறேன். சில வடிவங்கள் இரண்டு காலத்துக்கும் பொது. இல் ஃபினி என்பது முடிக்கிறான் என்றும் ஆகும், முடித்தான் என்றும் ஆகும். இல் தி என்பது சொல்கிறான், சொன்னான் இரண்டும். இல் வி என்பது இன்னும் மோசம்: வாழ்கிறான் என்றும் பொருள், கண்டான் என்றும் பொருள். அக்கம்பக்கத்து வினைகள் எந்தக் காலத்தில் இருக்கின்றன என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இன்றைய பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பலர் நிகழ்காலத்திலேயே எழுதுவதால் இந்தக் குழப்பம் உண்மையாகவே வரும். மாணவர் தவறாகச் சொன்னால் உடனே திருத்தாமல், அந்தப் பத்தியை முழுதும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தானே பிடித்துவிடுவார்.

உங்கள் கையில் இருக்கும் தாளில், நாம் பார்த்த பல்லவமல்லன் கதையைக் கொஞ்சம் விரித்துத் தமிழில் கொடுத்திருக்கிறேன். அரண்மனையில் தந்தை மகனை அனுப்பத் தயங்குவது, வழிப்பயணம், காஞ்சியில் நகரத்தார் எதிர்கொள்வது எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு வினைக்குக் கீழும் கோடு இழுங்கள். கதையை நகர்த்துவதற்கு ஒற்றைக் கோடு, பின்னால் நிற்பதற்கு இரட்டைக் கோடு. பிரெஞ்சு வடிவத்தைப் பிறகு போடலாம். 'நகரத்தார் தெருவெல்லாம் நின்றார்கள்' என்ற வாக்கியத்தில் உங்களுக்குள் கருத்து வேறுபாடு வரும். இரண்டு பக்கமும் காரணம் சொல்ல இடம் இருக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்வோம். இரட்டைக் கோடு போட்டவர்கள் கையை உயர்த்துங்கள், ஏன் என்று கேட்கிறேன்.